அம்மாவின் பஃப் கை ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தேன்

அண்ணன் மகள் போனை என் முன்னால் நீட்டி, "அத்தை, இந்தக் கை மட்டும் இப்படியே வேணும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்" என்றாள். சீரியல் ஒன்றின் நாயகி. தோளில் பந்து மாதிரி உப்பி, முழங்கைக்கு மேலே பட்டியில் அடங்கிய கை. வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அன்றைக்குப் பாட்டியின் ஆரணிப் பட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தை மாதத்திலேயே சொல்லி வைத்துவிட்டாள். அரக்குச் சேலை, மாம்பழ மஞ்சள் கரை. கரைக்கு ஏற்ற மஞ்சளில் ஜாக்கெட். தைக்க எனக்கு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன.

நான் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா எட்டிப் பார்த்தார். "இன்னாத்துக்கு இவ்ளோ நேரம் பார்க்கற? இந்தக் கை எங்கிட்டயே இருக்குதே" என்றார்.

குடியாத்தத்திலிருந்து வேலூர் சத்துவாச்சாரிக்கு வந்தபோது கூடவே வந்த டிரங்குப் பெட்டி. அடியில், பழைய வேட்டித் துண்டில் சுற்றி, நாப்தலின் வாசத்தோடு ஒரு ஜாக்கெட். டூ பை டூ ரூபியா என்கிற மெல்லிய பருத்தித் துணி. 1986 திருவிழாவுக்காக, பீடி சுற்றிய காசைச் சேர்த்து வைத்துத் தைத்தது. மஞ்சள் வெளுத்துப் பழைய வெண்ணெய் நிறத்துக்கு வந்திருந்தது. கொக்கிகள் துருப்பிடித்து முன்பட்டியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளி. ஆனால் கை? முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வருஷம் மடிந்து கிடந்த பிறகும் தோள்பக்கம் இன்னும் கொஞ்சம் எழும்பித்தான் இருந்தது. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

அந்தக் கை வந்த கதையை அம்மா சொன்னார். வாரப் பத்திரிகை ஒன்றின் உள்பக்கத்தில் ஒரு நாயகியின் படம். கறுப்பு வெள்ளை. அதைக் கத்தரித்து மடித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருந்த டெய்லரிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அவர் அதுவரை அப்படி ஒரு கையைத் தைத்ததே கிடையாதாம். படத்தை வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் டைம் குடும்மா" என்றாராம். கூலியில் இரண்டு ரூபாய் கூடுதல். எந்த நாயகி, எந்தப் படம் என்று கேட்டால் அம்மாவுக்கு நினைவில்லை. கை மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

அது நதியா காலம். 1985-இல் 'பூவே பூச்சூடவா' வந்த பிறகு நதியா கம்மல், நதியா வளையல் என்று கடைக்குக் கடை அவர் பெயரிலேயே விற்றது எனக்கும் லேசாக நினைவிருக்கிறது. கம்மலும் வளையலும் காசு கொடுத்தால் கைக்கு வந்துவிடும். ஜாக்கெட் அப்படி வராது. யாரோ ஒருவர் படத்தைப் பார்த்து, கணக்குப் போட்டு, வெட்டித் தைக்க வேண்டும். நிறமும் படத்திலிருந்து வந்ததில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் அந்த ஜாக்கெட் என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? மாம்பழ மஞ்சள் அம்மாவே எடுத்த முடிவு.

பிரித்தது

முதல் ஞாயிறு முழுக்கப் பிரிப்பதற்கே போய்விட்டது. தையல் பிரிப்பானை விடப் பாதி பிளேடுதான் எனக்குக் கை வசம். பழைய பருத்தி நூல் தொட்டாலே உதிர்ந்தது, அது நல்லதுக்குத்தான். இடது அக்குளில் மட்டும் அவசரப்பட்டுவிட்டேன். வியர்வையில் நைந்திருந்த துணி, தையலோடு சேர்ந்து இரண்டு அங்குலம் கிழிந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. கிழிசலுக்கு இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி வைத்துவிட்டு, அப்புறம் நிதானமாகத்தான் பிரித்தேன்.

தையலுக்குள் மடிந்திருந்த அரை அங்குலத் துணியில் வெயில் படவே இல்லை. அங்கே அந்த மஞ்சள் அன்றைக்கு எடுத்த மாதிரியே பளிச்சென்று இருந்தது. புதுத் துணி எடுக்க லாங்கு பஜாருக்கு நான் கொண்டுபோனது அந்தத் தையல் மடிப்பைத்தான், வெளிப்பக்கத்தை அல்ல. பழைய ஜாக்கெட்டுக்கு நிறம் பொருத்துகிறவர்கள் இதைச் செய்து பாருங்கள்.

சரி, கையின் உள்ளே என்ன இருந்தது?

சுருக்கு இழுத்த நூல் இரண்டு வரிசை, டெய்லர் அப்படியே விட்டிருந்தார். கையால் ஓட்டிய தையல், பச்சை நூல். அன்றைக்கு ஊசியில் எது கோத்திருந்ததோ அது. அந்தச் சுருக்குக்குக் கீழே, தோள் எலும்புக்கு நேராக, ஒரு துண்டு. ஏழரை அங்குல நீளம், விரித்தால் இரண்டரை அகலம், நடுவில் மடித்துக் கைத் தையலோடு சேர்த்து அடித்திருந்தார். தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: ஆண்கள் சட்டைக் காலருக்குள் வைக்கும் கேன்வாஸ். அதுவும் முழுத் துண்டு இல்லை, இரண்டு ஒட்டுகளை இணைத்தது. ஒன்றில் காலரின் வளைவுக் கோடு பென்சிலில் பாதி தெரிந்தது. பக்கத்தில் 15 என்று எழுதியிருந்தது. யாரோ ஒருவருடைய கழுத்தளவு. அவர் சட்டைக்கு வெட்டி மிஞ்சிய துண்டு அம்மாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறது.

அந்தப் பென்சில் கோட்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். படத்தில் இருந்த கைக்குள் என்ன வைத்தார்கள் என்று அந்த டெய்லருக்குத் தெரிய வழியே இல்லை. பத்திரிகைப் படத்தில் வெளிப்பக்கம் மட்டும்தான் தெரியும். உள்ளே எப்படி நிற்கிறது என்பதை அவர் தன் கடையில் இருந்ததைக் கொண்டு தானே கண்டுபிடித்திருக்கிறார். சினிமா உடை அலங்காரத்துக்கு உலக அளவில் பெயர் கிடைத்திருக்கிறது. 'காந்தி' படத்துக்காக 1983-இல் ஆஸ்கர் வாங்கிய பானு அத்தையாதான் அந்த விருதைப் பெற்ற முதல் இந்தியர். நம் ஊர்த் தெருவில் நடக்கிற சினிமா உடையோ இந்த மாதிரி டெய்லர்களின் கையால் வந்தது. அவர்கள் போட்ட கணக்கை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நான் எழுதி வைக்கிறேன்.

கையைத் துவைத்து, லேசாக இஸ்திரி போட்டு, பழுப்புத் தாளில் படுக்க வைத்து அளந்தேன். கையின் மேல் வளைவு மொத்தம் 21 அங்குலம். அது போய்ச் சேரும் ஆம்ஹோல், அதாவது உடம்புத் துணியில் கை பொருந்தும் வளைவு, பதினைந்தரை. அக்குளிலிருந்து முன்னும் பின்னும் நாலு நாலு அங்குலம் சுருக்கே கிடையாது, சாதா கை மாதிரி சமமாக ஓடுகிறது. மீதி 13 அங்குலத் துணி, மேலே ஏழரை அங்குலத்துக்குள் அடங்கியிருக்கிறது. சுருக்கு முழுவதும் மேலேதான். அக்குளில் ஒரு இழை கூடக் கூடுதல் துணி இல்லை என்பதால்தான் அது கசகசக்காமல் இருந்திருக்கிறது. வளைவின் உயரம் நாலே முக்கால். சாதா கைக்கு நான் மூன்றுதான் வைப்பேன்.

இன்னொன்று, கையில் இல்லாதது. உடம்புத் துணியில் ஷோல்டரை இரண்டு பக்கமும் அரை அங்குலம் குறைத்து வெட்டியிருந்தார். இது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

முதல் முயற்சி

அடுத்த ஞாயிறு காடாத் துணியில் ஒரு ஒத்திகை. புதுத் துணியில் கத்தரி வைக்கும் முன் இதைச் செய்தே தீர வேண்டும், பஃப் கைக்கு மட்டும் அல்ல, எந்தப் புது வெட்டுக்கும். உள்ளே இப்போது எல்லோரும் வைக்கிற மாதிரி கேன்கேன் நெட் என்கிற விறைப்பான வலைத்துணி வைத்தேன். ஷோல்டர் அவள் அளவு ஜாக்கெட்டில் உள்ளபடியே.

கை நன்றாக நின்றது. போனில் இருந்த படத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது என்றே சொல்லலாம். அவளும் கண்ணாடி முன்னால் சந்தோஷமாக நின்றாள். நான்தான், "இதைப் போட்டுக்கிட்டு வண்டியில காட்பாடி வரைக்கும் போயிட்டு வா" என்றேன். ஏப்ரல் வெயில். போய்விட்டு வந்து கையைத் தூக்கிக் காட்டினாள். நெட்டின் வெட்டு ஓரம் உராய்ந்து தோளுக்குக் கீழே சிவப்பாக ஒரு வளையம். "அரிக்குது அத்தை. அப்புறம், தோள் கீழே இறங்கின மாதிரி இருக்குது."

இறங்கித்தான் இருந்தது. உப்பல் தோள் எலும்புக்கு மேலே உட்காராமல் அதைத் தாண்டி வெளியே தொங்கியது. அந்த அரை அங்குலத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. ஷோல்டரைக் குறைத்தால் தையல் எலும்புக்கு உள்ளே வரும். சுருக்கு எலும்பின் மேலேயே நிற்கும். எலும்பே அதைத் தாங்கும்.

திரையில் பார்ப்பதை அப்படியே எடுத்தால் ஏன் சரிவருவதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். அந்த உடை ஒரே ஒரு உடம்புக்காக, ஒரு கேமராவுக்காகத் தைத்தது. படப்பிடிப்பில் பின்பக்கம் கிளிப் மாட்டி இறுக்கி, முன்பக்கம் மட்டும் கச்சிதமாகக் காட்டுவது சாதாரணம். ஒரு ஷாட் முடிந்ததும் சரிசெய்து விட ஆள் இருப்பார்கள். பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்குகிற வேலை அந்தக் கைக்கு இல்லை.

பஃப் கையே ஒரு உடம்பின் கணக்குதான். ஹாலிவுட்டில் 1932-இல் ஏட்ரியன் என்ற உடை வடிவமைப்பாளர் ஜோன் க்ராஃபோர்டுக்குப் பெரிய பெரிய ஃப்ரில் கை வைத்து ஒரு வெள்ளை கவுன் தைத்தார். க்ராஃபோர்டுக்கு அகன்ற தோள். அதை மறைப்பதற்குப் பதில் இன்னும் பெரிதாக்கிக் காட்டிவிட்டார். அமெரிக்கக் கடைகளில் அந்தக் கவுனின் நகல்கள் விற்றன. வாங்கிய பெண்கள் எல்லோருக்குமா அந்தத் தோள் இருந்திருக்கும்? என் அண்ணன் மகளுக்குக் குறுகின தோள், அவளுக்கு இந்த உப்பல் அழகு சேர்க்கும். எனக்கு அகலம். இதே கையை நான் போட்டால் ஒரு அங்குலத்துக்கு மேல் ஏற்ற மாட்டேன்.

நம் பக்கத்திலும் இது சினிமாவுக்கு முந்தின கைதான். விக்டோரியா காலத்து வெள்ளைக்காரப் பெண்களின் ரவிக்கைக் கை, வங்காளத்தில் தாகூர் வீட்டு ஞானதானந்தினி தேவி போன்றவர்கள் சேலையோடு ரவிக்கை போடும் பழக்கத்தைப் பரப்பியபோது கூடவே வந்தது. ரவிவர்மா படங்களிலும் அதைப் பார்க்கலாம். சினிமா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் கறுப்பு வெள்ளை என்று நினைக்கிறேன். நிறம் எல்லாம் சாம்பலாகிவிடுகிற திரையில் உடைக்கு மிஞ்சுவது வடிவமும் மினுக்கும்தான். இப்போது சீரியலில் வேறு காரணம். முக்கால்வாசி நேரம் இடுப்புக்கு மேலேதான் காட்டுகிறார்கள். கொசுவம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஃபிரேமுக்குள் வருவதில்லை. கழுத்தும் கையும் கம்மலும் தினமும் அரைமணி நேரம் பெரிதாகக் கண்முன் நிற்கின்றன. ஆரி வேலை ஜாக்கெட் இத்தனை பரவியதற்கும் இதில் பங்கு உண்டு.

இரண்டாவது முயற்சி

டெய்லர் வழிக்கே திரும்பினேன். லாங்கு பஜாரில் டூ பை டூ இன்னும் நல்லதாகக் கிடைக்கிறது. நீளவாட்டில் ஓடும் பாவிலும் குறுக்கே ஓடும் ஊடையிலும் இரண்டிரண்டு இழை முறுக்கிய நூல் என்பதால்தான் அந்தப் பெயர். மெல்லியது, ஆனால் உறுதி. சுருக்கு நெருக்கமாக அடங்கும், வியர்வையை உறிஞ்சும். பட்டு போல விறைப்பாக நிற்காது என்பதுதான் குறை, அதற்குத்தான் உள்ளே துண்டு. சாதா கைக்கு 80 சென்டிமீட்டர் போதும். இதற்கு ஒரு மீட்டர் வாங்கினேன். வாங்கியதும் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தேன். இதை விட்டால் முதல் சலவையிலேயே ஆம்ஹோல் இறுகிவிடும்.

உள்துண்டுக்கு முதலில் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் ஃப்யூசிங் கேன்வாஸை எடுத்தேன். அது தகரம் மாதிரி ஆகிவிட்டது. சுருக்குக்கு மேலே அதன் ஓரம் கோடாகத் தெரிந்தது. ஒட்டாத, நெய்த கேன்வாஸ் கேட்டு இரண்டு கடை ஏறி இறங்கினேன். கிடைத்ததை நேராக வெட்டாமல் மூலைவாட்டில் கிராஸாக வெட்டினேன், அப்போதுதான் தோள் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். அம்மாவின் ஜாக்கெட்டில் கேன்வாஸ் வெறுமனே இருந்தது. நான் அதை அதே மஞ்சள் துணியில் பொதிந்து மடித்தேன். உராய்வுக்கு இடமில்லை.

சுருக்கு இழுக்கும் இடத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இதில்தான் முக்கால்வாசிப் பேர் கை கெடுகிறது. மிதி மெஷினில் தையல் நீளத்தை முழுக்க ஏற்றி, மேல் நூலைத் தளர்த்தி, தையல் கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கால் அங்குல இடைவெளியில் இரண்டு வரிசை ஓட்ட வேண்டும். ஒரே வரிசை ஓட்டினால் சுருக்கு புரண்டு புரண்டு படுத்துக்கொள்ளும். அடியில் வரும் இரண்டு பாபின் நூலையும் சேர்த்துப் பிடித்து மெதுவாக இழுத்து, 13 அங்குலம் ஏழரைக்கு வரும்வரை தள்ள வேண்டும். வந்ததும் நூலை ஒரு குண்டூசியில் எட்டு மாதிரி சுற்றி நிறுத்திவிட்டு, நகத்தால் ஒவ்வொரு மடிப்பையும் நிமிர்த்தி விடுங்கள். தோள் தையலுக்கு நேரே நெருக்கமாக, இரு ஓரத்திலும் கலைந்தாற்போல. அம்மாவின் கையில் அப்படித்தான் இருந்தது, சமமாகப் பிரிக்கவில்லை. அதனால்தான் ஓரத்தில் எங்கே சுருக்கு ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

பொருத்தும்போது சுருக்குப் பக்கம் மேலே இருக்கட்டும், கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஊசிமுனையால் பிடித்துவிட முடியும். தைத்து முடித்ததும் தையல் மடிப்பை உடம்புப் பக்கம் தள்ளாமல் கைப்பக்கம் திருப்பி இஸ்திரி போட்டேன். அந்த மடிப்பும் சேர்ந்து உப்பலைத் தூக்கும். ஆம்ஹோலை ஆழமாக வெட்டாதீர்கள். ஆழமாக வெட்டினால் கையைத் தூக்கும்போது ஜாக்கெட் மொத்தமும் மேலே ஏறும். கீழ்ப்பட்டி பதினொன்று. அவள் கைச்சுற்று பத்தரை.

ஒரு கை முடிக்க ஒன்றரை மணி நேரம். இரண்டாவது கை நாற்பது நிமிஷம்.

போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கையை மேலே தூக்கச் சொன்னேன், தூக்கினாள். அம்மா கிட்டே வந்து, ஒன்றும் பேசாமல் உள்ளங்கையால் உப்பலை அழுத்தி விட்டார். அமுங்கி, மெல்ல எழும்பியது. "அவர் தெச்சதும் இப்படித்தான் எழும்பும்" என்றார். அண்ணன் மகள் போனை எடுத்துச் சீரியல் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். அதில் இருந்த கை இதைவிட ஒரு அங்குலமாவது பெரிது. "பரவாயில்ல, இதுதான் எனக்கு நல்லா இருக்குது" என்றாள்.

திருவிழாவும் அதற்குப் பிறகும்

கத்திரி வெயிலில் காலையிலிருந்து கூட்டத்தில் நின்றோம். அம்மனின் சிரசு ஊர்வலமாக வரும்போது நெருக்கித் தள்ளியதில் சேலைக் கொசுவம் போன இடம் தெரியவில்லை. அரிப்பு இல்லை என்று அவளே சொன்னாள். சாயங்காலம் பார்த்தபோது வலது உப்பல் காலையில் இருந்தபடியே இருந்தது. இடதில் கைப்பையின் வார் விழுந்து பாதியாக அமுங்கியிருந்தது. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, பையை முழங்கையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் சலவையில் கேன்வாஸ் கஞ்சி கொஞ்சம் இளகி, உப்பல் முக்கால் பங்குக்கு வந்தது. துவாலை ஒன்றை உருண்டையாகச் சுருட்டிக் கைக்குள் நுழைத்து, ஈரம் இருக்கும்போதே இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் மேலே ஓட்டினேன். திரும்ப எழும்பியது. பிழியக் கூடாது, அப்படியே தொங்கவிட வேண்டும்.

அம்மாவின் ஜாக்கெட்டையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். அக்குள் கிழிசலுக்கு அடியில் புது மஞ்சளில் ஒரு ஒட்டு வைத்தேன். அது கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது, இரண்டு மூன்று சலவையில் அடங்கும். உள்ளே புதுக் கேன்வாஸ் வைக்கட்டுமா என்று கேட்டேன். "வேணாம், அதையே வெச்சிடு" என்றார். 15 என்று எழுதிய அந்தத் துண்டு பழைய இடத்துக்கே போய்விட்டது, பச்சை நூலும்.

பேட்டர்னைப் பழுப்புத் தாளில் வெட்டி, மெஷினுக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். கேன்வாஸ் அரை மீட்டர் மிச்சம் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் ஆவணி முகூர்த்தத்துக்கு ஒன்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு என்னை மாதிரி அகன்ற தோள். வளைவு உயரத்தை நாலுக்கு இறக்கி, சுருக்கை 13-இலிருந்து 10-க்குக் குறைத்து, முதலில் காடாவில் ஒரு கை மட்டும் வெட்டிப் பார்க்க வேண்டும்.